சலூன் வாசலில் ஏறி நின்ற படகு

ரேடியோ என்ற பெயரை அவருக்குச் சூட்டியவர் சலூன்காரர். யாரும் கேட்காமலே பேசுவார், காதைத் திருகினாலும் நிற்க மாட்டார் என்பதால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. வீட்டு வரி ரசீதைத் தவிர வேறு எவரும் அதைப் பயன்படுத்தவில்லை.

ஒலிபரப்பு ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: எப்போது வலையோடு கிளம்பலாம், எப்போது வீட்டில் படுத்துத் தூங்கலாம். காலையில் படகுத்துறைப் படியில் பல் துலக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் ஆற்றுத் தண்ணீர் தலைகால் புரியாமல் ஏறி இறங்கும். அரைநிலா நாட்களில் சம்பளம் வராத குமாஸ்தா மாதிரி ஏனோதானோவென்று வந்து போகும். நிலா தினமும் தாமதமாக வருவதால் தண்ணீரும் தாமதமாகத்தான் வரும். நிலா வெளிச்சத்தில் மீன் வலையைப் பார்த்துவிடும். இருட்டு நாட்களில் தண்ணீர் வடியும்போது இறால் கூட்டங்கூட்டமாக முகத்துவாரம் வழியே கடலுக்குக் கிளம்பும். அந்த நேரம் பார்த்து அங்கே பைவலையைக் கட்டிவைத்தால், தேடிப் போக வேண்டாம், அதுவே வந்து விழும்.

இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. படகில் ஏறிய முதல் வருடத்திலிருந்து, தண்ணீர் எட்டிய உயரத்தைப் படிக்கல்லில் ஆணியால் கீறிக் கீறித் தானாகவே கண்டுகொண்டது. பொறுமையாகக் கற்ற வித்தைதான். பத்து முறை சொன்னால் எட்டு முறை சரியாக இருக்கும். மீதி இரண்டு முறையும் அவர் சொன்னது சரிதான், கடல்தான் பேச்சு மாறிவிட்டது. வானிலை அலுவலகம் போனில் அனுப்பும் செய்தி பலித்தால், அதை முதல் நாளே தான் சொன்னதாகச் சொல்வார். பலிக்காவிட்டால், கட்டடத்துக்குள் உட்கார்ந்துகொண்டு காற்றைப் பார்த்தால் அப்படித்தான் என்பார்.

அவர் மனைவிக்கு ஐஸ் ஃபேக்டரியில் வேலை. பாளம் பாளமாக வரும் ஐஸை உடைக்கும் மெஷினுக்குள் தள்ளிவிடுவாள். அந்தச் சத்தத்தில் அவளுக்குக் காது பாதி போய்விட்டது. இந்தக் கல்யாணம் இத்தனை வருடம் நீடித்ததற்கு அதுதான் காரணம் என்று சலூன்காரர் சொல்வார். அவள் மறுத்ததில்லை.

படகில் பாதி ரேடியோவுக்கு, பாதி மனைவியின் தம்பிக்கு. தம்பி டீசல் மெக்கானிக். படகின் என்ஜின் அவன் கையால் மூன்று பழைய என்ஜின்களிலிருந்து பிறந்தது. தண்ணீரைப் பற்றி ரேடியோ பேசுவார், என்ஜினைப் பற்றி அவன் பேசமாட்டான், அது ஓடும். அப்படித்தான் அந்தக் கூட்டு நடந்துகொண்டிருந்தது.

அந்த வருடம் படகின் அடிப்பலகை முழுக்கச் சிப்பி ஒட்டிக்கொண்டது. என்ஜின் மூச்சு வாங்கியது. அமாவாசைக்கு இறால் ஓட்டம்; அதற்குள் படகைக் கரையேற்றிச் சுரண்டிப் பெயின்ட் அடித்தாக வேண்டும். கரையேற்றுவதற்குத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த முறை ஒன்றுண்டு. தண்ணீர் நாளுக்கு நாள் கூடிவரும்போது ஏற்ற வேண்டும். அப்போதுதான் இரண்டு நாள் கழித்து இன்னும் பெரிய தண்ணீர் வந்து படகைத் தூக்கிக்கொண்டு போகும். உச்சத் தண்ணீரில் ஏற்றினால் இறக்க ஆளில்லை.

ரேடியோவுக்கும் இது தெரியும். அந்த ஆற்றில் பௌர்ணமியன்று உச்சம் வராது, இரண்டு நாள் பிந்தித்தான் வரும் என்பதும் தெரியும். அது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு, படிக்கல்லில் ஆதாரம் இருக்கிறது. ஆகவே பௌர்ணமியன்று ஏற்றி, இரண்டாம் நாள் இறக்குவது என்று முடிவு செய்தார்.

பௌர்ணமி மதியம் தண்ணீர் ஏறி வந்ததைப் பார்த்து அவருக்கே புல்லரித்துவிட்டது. துறைப் படிகளையெல்லாம் மூடி, சாலையோரச் சாக்கடையை நிரப்பி, சலூனின் கடைசிப் படியைத் தொட்டுக்கொண்டு நின்றது. முந்தின வாரம் முழுக்கக் கடல்காற்று முகத்துவாரத்துக்குள் விடாமல் அடித்து, ஆற்றைத் திருப்பி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. ஆனால் அன்று நிலாவின் மேல் அவருக்கு இருந்த மரியாதையில் காற்று கண்ணில் படவில்லை.

"காத்து தள்ளுது மாமா. இது நிலாத் தண்ணி இல்ல. கீழயே நிறுத்துவோம்" என்றான் மெக்கானிக்.

"ரெண்டு நாள்ல இதுக்கு மேல ஒரு முழம் வரும். எண்ணெய் ஊத்துறவன் எண்ணெயைப் பாரு மாப்ள."

சலூன் வாசல் வரைக்கும் இழுத்து ஏற்றினார்கள். நிழலாக இருந்தது. பெயின்ட் காய வசதி. அன்று சாயங்காலமே காற்று நின்றுவிட்டது.

இரண்டாம் நாள் மதியம். சுரண்டி, பச்சைப் பெயின்ட் அடித்து, படகு கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று காத்திருந்தது. தண்ணீர் வந்தது. துறைச் சரிவில் பாதி வரைக்கும் ஏறி, தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்ட ஆள் மாதிரி ஒரு நிமிடம் தயங்கி நின்று, திரும்பிப் போய்விட்டது. மறுநாள் அதைவிடக் கீழே. அதற்கும் மறுநாள் இன்னும் கீழே. ஆற்றைப் பார்த்துத் திரும்பியிருந்த படகை விட்டு ஆறு மெல்ல மெல்ல விலகிப் போனது.

தெருவுக்கு நல்ல பொழுதுபோக்கு. படகின் மேல் சைக்கிள்களைச் சாய்த்தார்கள். அடியில் ஒரு பூனை குட்டி போட்டது. கடைக்குள் வெளிச்சம் வராமல் சலூன்காரர் பட்டப்பகலில் டியூப்லைட் போட வேண்டியதாயிற்று. "கண்ணாடி முழுக்கப் படகுதான்யா தெரியுது. வர்றவன் தன் மூஞ்சியைப் பாக்க முடியல. சில பேருக்கு அது நல்லதுதான், ஆனா எல்லாருக்கும் இல்லையே" என்று அவர் வாடிக்கையாளர்களிடம் முறையிட்டார். ரேடியோ மட்டும் தினமும் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வரத்தான் செய்தது, பாதி வழியில் மண் குடித்துவிட்டது. மலையில் மழை குறைவு. நிலா இந்த மாதம் கொஞ்சம் சாய்ந்து போகிறது. எந்த விளக்கத்திலும் அவர் இல்லை.

மெக்கானிக் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தான். ஒருநாள் வேலை முடிந்து நேராக அக்கா வீட்டுக்கு வந்தான். மாமா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், ஆனால் அவன் அக்காவைப் பார்த்துத்தான் பேசினான்.

"அமாவாசை ஏத்தத்துல படகு தண்ணிக்குப் போகணும்க்கா. போகலன்னா வித்துடலாம். ஆள் பாத்துட்டேன், அன்னைக்கே வர்றான். தப்புப் பண்ணதுக்காக இல்ல. தப்புன்னு ஒரு வார்த்தை அந்த வாயிலேர்ந்து வரல பாரு, அதுக்காக."

மாமா மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, பொதுவாகவே இந்தப் பருவத்தில் காற்றழுத்தம் என்று ஏதோ தொடங்கினார். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்றுதான் ரேடியோவுக்குப் பயம் வந்தது. படகு போனால் இன்னொருவர் படகில் கூலிக்கு ஏற வேண்டும். துறையில் இருக்கும் படகுகளை மனதுக்குள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். ஒன்றில்கூட அவரைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். வலை போடத் தெரியாததால் அல்ல, வாயை மூடத் தெரியாததால்.

கடைசி நம்பிக்கை அமாவாசைத் தண்ணீர்தான். அது பௌர்ணமித் தண்ணீரைவிடப் பெரிதாக வரும் என்று தெருவுக்கே சொல்லியிருந்தார். விடிந்ததும் படித்துறைக்கு இறங்கி, பாசியை விரலால் வழித்துவிட்டு, பழைய ஆணிக்கோடுகளைப் பார்த்தார். இந்தப் பருவத்து அமாவாசைக் கோடுகள் எல்லாம் பௌர்ணமிக் கோடுகளுக்கு ஒரு சாண் கீழேதான் இருந்தன. இன்னொரு தடவை பார்த்தார். அவரே கீறியவை. வானிலை அலுவலகம் கீறியிருந்தாலாவது சண்டை போடலாம்.

மனைவி வேலைக்குப் போகிற வழியில், கல்லைத் தடவிக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்து நின்றாள்.

"என்னவாம்?"

"வராது" என்றார். அவளுக்குக் கேட்கவில்லை. தலையை ஆட்டிக் காட்டினார்.

"தண்ணி மேல வராதுன்னா மண்ணைக் கீழ இறக்குங்க. வாய்க்கால் வெட்டுங்க."

"ஒத்தை ஆளா எப்படி வெட்டுறது?" என்று கத்தினார்.

"யாரு ஒத்தை ஆளா வெட்டச் சொன்னா? ஊரே உங்க பேச்சை ஓசியில கேட்டுருக்கு. இப்ப நீங்க போய்க் கேளுங்க. ஆனா போற எடத்துல நாளைக்குக் காத்து எப்படின்னு மட்டும் சொல்லாதீங்க."

சலூனில் ஒருவருக்குப் பாதி முகம் சவரம் முடிந்திருந்தது. ரேடியோ வாசலில் வந்து நின்றார். மேகத்தைப் பற்றி ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினார். மண்வெட்டி இருக்குமா என்றார். மண்வெட்டி வேண்டுமா, ஆள் வேண்டுமா என்று சலூன்காரர் கேட்டார். இரண்டும் என்றார் ரேடியோ. கத்தி நின்றது. சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர் மீதிப் பாதியை மறந்து நுரையோடு திரும்பிப் பார்த்தார். ரேடியோ ஒன்றை வேண்டும் என்று கேட்டதை இருவரும் அதுவரை பார்த்ததில்லை.

கடைக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் சலூன்காரர் வந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களின் கையில் அவரே மண்வெட்டியைத் திணித்தார். ஐஸ் ஃபேக்டரியிலிருந்து பழைய சாக்குகள் வந்தன. தண்ணீர் இறங்கியிருக்கும் காலை நேரங்களில் மட்டும் வெட்ட முடியும். மதியம் ஏறி வரும் தண்ணீர் வெட்டியதில் பாதியைச் சேற்றால் மூடிவிட்டுப் போகும். சரிவின் இரண்டு பக்கமும் சாக்கில் மண் கட்டி அடுக்கிய பிறகுதான் வாய்க்கால் நின்றது. எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதை ரேடியோ குச்சி நட்டுக் காட்டினார், வார்த்தையால் சொல்லவில்லை. அவர் பேசாமல் வெட்டுவதைப் பார்த்து இரண்டு பேர் தனித்தனியாக வந்து, உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று அவர் மனைவியிடம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அமாவாசையன்று காலை, கடைசி நாலு முழம் பாக்கி இருக்கும்போது மெக்கானிக் வந்தான். கூடவே படகு வாங்குகிறவர். மடிப்புக் கலையாத சட்டை, கையில் குடை. மிதக்கிற படகில் அடிப்பலகையைப் பார்ப்பது நடக்காத காரியம். இங்கே அது பச்சைப் பசேலென்று பார்வைக்கு வைத்த மாதிரி நின்றது. சுற்றிவந்து, விரல் கணுவால் தட்டித் தட்டிப் பார்த்தார். தட்டிய இடமெல்லாம் நல்ல சத்தம். முகம் மலர்ந்துவிட்டது. பேச்சு முடிகிற நேரத்தில் சாதாரணமாகக் கேட்டார்:

"ஆமா, எதுக்கு இவ்ளோ மேல ஏத்தி வச்சிருக்கீங்க?"

மண்வெட்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. இதற்கு ரேடியோ என்ன சொல்வார் என்று கேட்க அத்தனை பேருக்கும் ஆசை. மலையில் மழையா, சாய்ந்த நிலாவா, புதிதாக ஏதாவதா? மெக்கானிக் மட்டும் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

ரேடியோ வாய்க்காலுக்குள் இடுப்பளவு நின்றுகொண்டிருந்தார்.

"கணக்குத் தப்பிடுச்சு. காத்து ஏத்துன தண்ணிய நிலா ஏத்துனதுன்னு நெனச்சேன். இவன் அப்பவே சொன்னான். நான்தான் கேக்கல" என்றார்.

மெக்கானிக் திரும்பினான். வாங்குகிறவரும் திரும்பினார், ஆனால் வேறு காரணத்துக்காக. இன்னொரு தடவை படகைச் சுற்றினார். முன்பு நல்ல சத்தம் வந்த இடங்களில் காதை வைத்துத் தட்டினார். முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. மெக்கானிக்கை ஓரமாகக் கூப்பிட்டு, ரகசியமாகத்தான் சொன்னார், ஆனால் வாய்க்கால் வரைக்கும் கேட்டது.

"தம்பி, ஒரு மனுஷன் தப்பை இவ்ளோ சுலபமா ஒத்துக்கிறான்னா, இதைவிடப் பெருசா உள்ள என்னமோ இருக்குன்னு அர்த்தம். எனக்கு வேணாம்."

குடையை ஊன்றி வாய்க்காலைத் தாண்டிப் போய்விட்டார்.

மெக்கானிக் வாய்க்காலின் ஓரத்துக்கு வந்தான். "வாழ்க்கையில ஒரே ஒரு தடவை உண்மை சொன்னீங்க மாமா. அதையும் நம்ப ஆளில்ல" என்றான். பிறகு சட்டையைக் கழற்றிப் படகுக்குள் எறிந்துவிட்டு வாய்க்காலில் குதித்து, அக்கம்பக்கம் பார்த்து, சும்மா நின்ற ஒருவர் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினான்.

கடைசி முழத்தை வெட்டும்போது தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. வாய்க்காலில் மெல்ல ஏறி, படகின் முன்பக்கத்தைத் தொட்டு, அடிக்கட்டையைச் சுற்றிக்கொண்டது. எதுவும் அசையவில்லை. அன்றைய உச்சம் இதுதான், இன்னும் கொஞ்ச நேரத்தில் இறங்கத் தொடங்கும் என்பது ரேடியோவுக்குத் தெரியும்; அவர் முகத்தைப் பார்த்தே மற்றவர்களுக்கும் தெரிந்தது. மெக்கானிக் படகுக்கு அடியில் வைத்திருந்த உருளைக் கட்டைகளில் ஒரு டப்பா கிரீஸ் முழுவதையும் அப்பினான். சலூன்காரர் குரல் கொடுத்தார். எல்லோரும் தோள் கொடுத்தார்கள். ரேடியோவின் மனைவிக்குக் குரல் கேட்காததால் ஒரு நொடி முந்தியே தள்ளிவிட்டாள். அந்த ஒரு நொடிதான் படகை அசைத்தது என்று இன்றைக்கும் அவள் சொல்வாள். புதுப் பெயின்ட்டில் நீளமாக ஒரு கீறலோடு படகு வழுக்கி, சாக்குகளில் இரண்டை இழுத்துக்கொண்டு, ஆற்றில் விழுந்து, ஒரு ஆட்டம் ஆடி, நிமிர்ந்து நின்றது.

பைவலையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தண்ணீர் வடியத் தொடங்கிய அந்த நேரத்திலேயே முகத்துவாரத்துக்குக் கிளம்பினார்கள். இருட்டுவதற்குள் முதல் இறால் வலையில் விழுந்தது. கொட்டித் தரம் பிரித்துக்கொண்டிருக்கும்போது, அடுத்த வருஷம் படகை எங்கே ஏற்றுவது என்று மெக்கானிக் கேட்டான்.

"நீயே சொல்லு" என்றார் ரேடியோ.

அவன் படித்துறையின் கீழ்ப்படியைச் சொன்னான். ரேடியோ தலையாட்டினார். இரண்டு கூடை இறால் பிரிக்கிற வரைக்கும் சும்மா இருந்தார். அதற்குமேல் முடியவில்லை.

"ஒரு முழம் மேல வச்சுக்கலாம் மாப்ள."

மெக்கானிக் பார்த்தான்.

"சரி, அரை முழம்."

அவன் பார்வையை எடுக்கவில்லை. கடைசியில் ஒரு சாணுக்கு ஒப்புக்கொண்டார்கள்.