படம் பார்த்த டாக்டரும் பகை வளர்த்த கண்ணாயியும்

மலைமேல் உள்ள திண்ணனூர் நாட்டுக் கண்ணாயிக்கு வயது முப்பத்து நான்கு. ஒன்றரை ஏக்கர் மரவள்ளி, இருபது மரங்களில் ஏறிய மிளகுக்கொடி, ராசப்பன் என்றொரு வீட்டுக்காரர், கலைமணி என்று எட்டு வயதில் ஒரு மகள். இவ்வளவோடு போன வருஷம் ஒரு பகையும் சேர்ந்தது. மற்ற எல்லாவற்றையும்விட அதைத்தான் அவர் நன்றாகப் பராமரித்தார். ஒருநாள்கூட வாட விட்டதில்லை.

பகைவர் பெயர் நவநீதகிருஷ்ணன். மலைக்காரர்கள் கீழ்நாடு என்று சொல்லும் சமவெளியில் குழந்தைகளின் மூளை நோய்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்.

பக்கவாதம் வயசானவர்கள் சொத்து என்றுதான் ஊரில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஐப்பசியில் ஒரு காலை, பள்ளிக்கூடம் கிளம்பிய கலைமணிக்கு வாய் கோணி, வலது கையும் காலும் துவண்டபோது அந்த நம்பிக்கை போயிற்று. எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, ஸ்கேன் எடுத்து, படத்தை டாக்டரிடம் நீட்டினார்கள்.

டாக்டர் அதை வெளிச்சப் பலகையில் மாட்டினார். சுற்றிலும் நாலு மாணவர்கள்.

“இந்த வெள்ளைப் புள்ளி பாருங்க. மூளையிலேர்ந்து கைக்குக் கட்டளை போற பாதை மேலயே உட்கார்ந்திருக்கு. நடந்துடுவா. விரல் வேலை வராது. வலது கையை மறந்துடச் சொல்லுங்க.”

யாரிடம் சொல்ல வேண்டுமோ அந்த அம்மா அவருக்கு முக்கால் அடி தூரத்தில் நின்றிருந்தார்.

“ஏனுங்க, புள்ளைய ஒருக்கா பாருங்க” என்றார் கண்ணாயி.

“அதான் பார்த்தேனே” என்று படத்தைக் காட்டினார் டாக்டர்.

பகை பிறந்த நேரம் காலை பதினொன்றரை. திரும்பி வரும்போது மூன்றாவது வளைவில் பஸ்ஸுக்குள்ளேயே சபதம் நடந்தது.

“அந்தாளு இந்தக் கையப் பாக்கோணும். பாக்க வெக்கறேன்.”

“வெய்யி” என்றார் ராசப்பன். “இப்ப கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகரு. எனக்குக் குமட்டுது.”

போருக்கு ஆயுதம் கொடுத்தவர் ஜாஸ்மின். சமவெளியிலிருந்து மலை ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த பிசியோதெரபி பெண். இடது கையைத் தினம் இரண்டு மணி நேரம் துணிப்பைக்குள் கட்டி வைக்கச் சொன்னார். வேறு வழி இல்லையென்றால் வலது கை வேலை செய்துதான் ஆக வேண்டும்.

“நல்லா இருக்கற கைக்கு எதுக்குங்க அம்மிணி தண்டன?”

“தண்டனை இல்லக்கா. லீவு.”

லீவு கலைமணிக்குப் பிடிக்கவில்லை. பையைக் கடித்தாள், உதைத்தாள். கண்ணாயி கேழ்வரகு மாவைப் பிசைந்து உருட்டி அவள் முன்னால் வைத்து, “இவருதான் கண்ணு அந்த டாக்டரு” என்று அறிமுகம் செய்தார். அன்று முதல் காலையில் ஒரு டாக்டர், மாலையில் ஒரு டாக்டர் கசக்கப்பட்டார். எந்த மருத்துவப் பாடத்திலும் இல்லாத இந்தச் சிகிச்சையில் தை மாதம் விரல்கள் மடங்கின. மடங்கியவை நிமிரத்தான் சிரமம். மூடிய கை திறக்க ஒரு கும்மிப் பாட்டு நேரம் பிடித்தது.

மகள் டாக்டரைக் கவனித்துக்கொள்ள, தாய் படத்தைக் கவனித்துக்கொண்டார். மிளகில் வெள்ளையாய்ப் பூஞ்சணம் பூத்தால் மலையில் என்ன செய்வார்கள்? வெயிலில் காயப்போட்டு, நாளுக்கு நாலு தடவை புரட்டிவிடுவார்கள். கண்ணாயி மிளகோடு மிளகாக அந்தப் படத்தையும் பாயில் பரப்பினார். பங்குனி வெயிலில் படம் கறுத்துக்கொண்டே வந்து, சித்திரையில் வெள்ளைப் புள்ளி சுத்தமாக மறைந்தது.

ஜாஸ்மின் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். “அக்கா, அடுத்த செக்கப்புல டாக்டர் பழைய படத்தைக் கேப்பாரே.”

“கேக்கட்டும்ங்க.”

மறுபடியும் ஐப்பசி வந்தது. கலைமணி லேசாகக் காலை இழுத்தபடி தானே நடந்து டாக்டர் அறைக்குள் போனாள். டாக்டர் நிமிராமல் கை நீட்டினார். மிளகு வாசத்தோடு ஒரு கறுப்புத் தாள் அவர் கையில் வந்து விழுந்தது.

“என்னம்மா இது?”

“காய வெச்சனுங்க. புள்ளி போயிருச்சு.”

மாணவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். டாக்டர் அடக்க வேண்டிய அவசியமில்லாமல் இருந்தார். “புது ஸ்கேன் எடுத்துட்டு வாங்க.”

“எடுக்கறமுங்க. அதுவரைக்கும் சும்மா உக்காந்திருக்காம கையப் பாருங்களேன்.”

வெளிச்சப் பலகை வெறுமையாய் எரிந்தது. அறையில் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் டாக்டர் குழந்தையைப் பார்த்தார்.

“கட்டை விரலால ஆள்காட்டி விரலைத் தொடு.”

கலைமணி உதட்டைக் கடித்தாள். தோள் எழுந்தது, முழங்கை எழுந்தது. விரல் மட்டும் விரலிடம் போகவில்லை. இரண்டாம் முறையும் போகவில்லை.

“நான் அன்னைக்கே சொன்னேன்” என்றார் டாக்டர்.

சரித்திரம் உள்ளதைச் சொல்ல வேண்டும். படம் பொய் சொல்லவில்லை. நடப்பாள் என்றது, நடந்தாள். நுணுக்கம் வராது என்றது, வரவில்லை. பன்னிரண்டு மாதப் பகையும் அத்தனை மாவும் வீண்தானா என்று கண்ணாயிக்குத் தோன்றியது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்.

“சரி, என் விரலைப் பிடி பார்க்கலாம்” என்று இரண்டு விரல்களை நீட்டினார் டாக்டர், போகிற போக்கில்.

கலைமணி பிடித்தாள்.

டாக்டரின் புருவம் ஏறியது. “நல்ல பலம் இருக்கே. சரி, விடு.”

விடவில்லை. டாக்டர் இழுத்தார். அவரோடு கையும் வந்தது, கையோடு கலைமணியும் வந்தாள். ஒரு மாணவர் உதவிக்கு எழுந்தார்.

“உக்காருங்க சாமி” என்றார் கண்ணாயி. முந்தானை இடுப்புக்குத் திரும்பியிருந்தது. “இழுத்தா இன்னும் இறுகுமுங்க. நிமிர நேரமாகும். அதுவரைக்கும் புள்ள மூஞ்சியப் பாத்துட்டு இருங்க டாக்டரு. வேற வழியில்லீங்க.”

வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். நர்ஸ் இருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முகத்துக்கு நேராக முகம் இருந்தால் எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பது? டாக்டர் தொண்டையைச் செருமினார்.

“உன் பேரு என்ன, பாப்பா?”

கலைமணி பிடியைத் தளர்த்த முயற்சி செய்ததாகத் தெரியவில்லை.

“அந்தப் படத்துலயே எழுதியிருந்துச்சுங்களே” என்றாள்.