பெரிய பிள்ளைகளுக்கு மாடியில் இடம் உண்டு

"பிள்ளைங்க பதிமூணு தாண்டிட்டா லாட்ஜ்காரன் அவங்களைப் பெரியவங்கன்னு சொல்லுவான், பெத்தவங்க குழந்தைன்னு சொல்லுவாங்க, நடுவுல எப்பவும் ஒரு கட்டில் குறையும்" என்று எனக்கு முதலில் சொன்னது எங்கள் சபை கிரேஸ் அக்கா. போன வருஷம் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது சொன்னார். அவர் தங்கை குடும்பம் திருச்சியிலிருந்து ஹைதராபாத் பார்க்க வந்து, ஸ்டேஷன் பக்கத்தில் ஆறு லாட்ஜ் ஏறி இறங்கியிருக்கிறது. ஒரு ரூமில் இரண்டு பேர், மூன்றாவது ஆளுக்கு ஒரு மெத்தை, நாலாவது ஆளுக்கு இன்னொரு ரூம். அந்த ரூமோ மூன்று மாடிக்கு மேலே. பதினைந்து வயசுப் பெண்ணை அங்கே தனியாக யார் படுக்கவைப்பார்கள்?

இதே ஹைதராபாத்தில், மெட்டுகுடாவில் இருக்கும் எங்கள் வீட்டு மாடி அப்போது சும்மா கிடந்தது. இரண்டு அறை, ஒரு ஹால், சின்னதாக ஒரு சமையலறை, ஒரே ஒரு பாத்ரூம். மகள் ஷீலா கல்யாணமாகி புனே போய்விட்டாள். மகன் பிரபு வேலைக்குப் பக்கமாகக் கொண்டாப்பூரில் வீடு எடுத்துவிட்டான். நான் ஒரு வாரம் ஜெபித்தேன். பிறகு, பெரிய பிள்ளைகளோடு ஊர் பார்க்க வரும் குடும்பங்களுக்கு மாடியைக் கொடுக்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். ஷீலா படம் பிடித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போனில் அனுப்பினாள்.

பிரபுவுக்குப் பிடிக்கவில்லை. "எதுக்கு மம்மி இந்தத் தொல்லை? உங்க முழங்காலுக்கு இது தேவையா?" என்றான். அமீர்பேட்டில் ஹாஸ்டல் நடத்தும் ராவ் என்பவர் மாடியை மொத்தமாக எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். கோச்சிங் படிக்கிற பையன்கள் பதினாறு பேர். ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், நான் படி ஏறவே வேண்டாம். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். பள்ளிக்கூடம் திறக்கும் வரை எனக்கு அவகாசம். அதற்குள் மாடியில் குடும்பங்கள் வந்து நிறைந்தால் என் இஷ்டம். இல்லையென்றால் ஜூனில் ஹாஸ்டல்.

எனக்கு மாடியில் குடும்பச் சத்தம் கேட்க வேண்டும். அதற்கு மேல் காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வளர்ந்த பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ரூம் தேடி அலைந்த சகோதரிகளே, என் பிடிவாதம் உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

இரண்டு குழந்தைகள்

முதல் குடும்பம் மதுரை. "நாங்க ரெண்டு பேர், குழந்தைங்க ரெண்டு பேர்" என்று அப்பா போனில் சொன்னார். அதை நம்பி, ஷீலாவும் பிரபுவும் சின்ன வயசில் படுத்த மெத்தைகளை எடுத்து வெயிலில் காயவைத்தேன். பூனைப் படம் போட்ட உறை மாட்டி ஹாலில் விரித்தேன். இரண்டு டம்ளர் பாலும் ஆற்றிவைத்தேன். காலையில் ஆட்டோவிலிருந்து இறங்கினது, மீசை முளைத்த ஒரு பதினேழு வயசுப் பையன். இறங்கும்போதே மேல் கம்பியில் தலையை இடித்துக்கொண்டான். பின்னாலேயே பதினாலு வயசுத் தங்கை, காதில் ஹெட்போனோடு.

பையன் மரியாதைக்கு அந்த மெத்தையில் படுத்துப் பார்த்தான். முழங்காலுக்குக் கீழே எல்லாம் தரையில் கிடந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவன் அம்மா, "உங்க மேல தப்பு இல்லக்கா, இவர் டிக்கெட் கவுன்டர்லயும் இப்படித்தான் சொல்லுவாரு" என்று வீட்டுக்காரரைப் பார்த்தார். பையன் மட்டும் எழுந்திருக்கவே இல்லை. மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "பரவாயில்ல ஆன்ட்டி, ஃபேன் காத்து தலைக்கா காலுக்கான்னு மட்டும் நீங்க முடிவு பண்ணுங்க."

சாவிக்கு முன் ஜெபம்

அன்று சாயங்காலமே கிரேஸ் அக்கா வீட்டிலிருந்து ஒரு நீளக் கட்டில் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு யார் போன் பண்ணினாலும் பிள்ளைகளின் வயசையும் உயரத்தையும் கேட்டுவிடுவேன். ஆனால் அடுத்த தப்பு வேறு பக்கமாக வந்தது. யாருக்கு மாடிச் சாவி கொடுத்தாலும் வாசலிலேயே நிறுத்தி ஒரு சின்ன ஜெபம் பண்ணிவிட்டுத்தான் கொடுப்பேன். சின்னது என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆம்பூரிலிருந்து ஒரு முஸ்லிம் குடும்பம் வந்தது. ரயில் மூன்று மணி நேரம் தாமதம். நான் கண்ணை மூடி அவர்கள் பயணத்துக்காக, பிள்ளைகள் மார்க்குக்காக, இந்த ஊர் டிராஃபிக்குக்காக என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனேன். நடுவிலேயே அவர்களுடைய பதினாறு வயசுப் பையன் சத்தமாக "ஆமீன்" என்றான். எவ்வளவு பக்தியுள்ள பிள்ளை என்று சந்தோஷப்பட்டு, வெயிலுக்காகவும் கொஞ்சம் சேர்த்து ஜெபித்தேன். மறுபடியும் "ஆமீன்". நான் தண்ணீர்க் கஷ்டத்துக்குப் போனேன். மூன்றாவது ஆமீனுக்கு நான் கண்ணைத் திறந்தபோது பையைப் போட்டுவிட்டு அவன் படியில் பாதி ஏறிவிட்டான்.

இப்போதெல்லாம் முதலில் பாத்ரூமைக் காட்டுவேன். பிறகு சாவி. அதற்குப் பிறகுதான் ஜெபம், அதுவும் ஒரே வரி. காரணம், அந்த அப்பா என்னிடம் மெதுவாகச் சொன்னது: "தப்பா நினைக்காதீங்கம்மா, வீட்ல இவனை ஒரு ஆமீன் சொல்லவைக்க நான் படாத பாடு படுவேன். இங்க சொன்னானே மூணு, மூணும் பாத்ரூமுக்காக."

தாமதமாக ஓடும் ஏழு பத்து

பாத்ரூம் என்றதும் ஞாபகம் வருகிறது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மொத்தம் ஐந்து பேர், அதில் பதினெட்டு, பதினாறு வயசில் இரண்டு பெண்கள், பதிமூன்று வயசில் ஒரு பையன். முதல் நாள் அவர்கள் குளித்துக் கிளம்பவே பதினொரு மணி ஆகிவிட்டது. கோல்கொண்டா கோட்டையில் உச்சி வெயிலில் வதங்கிவிட்டுத் திரும்பி வந்தார்கள். அந்த அம்மா அழாத குறை.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயரானவர். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு இங்கிலீஷில் ஒரு டைம் டேபிள் எழுதி மாடிக் கதவில் ஒட்டினார். யார் எப்போது உள்ளே, எப்போது வெளியே என்று ஐந்து பேருக்கும் நிமிஷக் கணக்கு. மறுநாள் ஆறு மணிக்குப் பழைய விசிலோடு படியடியில் நின்றார். அப்பா சரியாக வந்தார், அம்மா ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்தார். ஏழு பத்துக்கு உள்ளே போன மூத்த பெண் மட்டும் வரவில்லை. துண்டோடு நின்ற தம்பியிடம், "அவுட்டர்லயே நில்லுப்பா, லைன் கிளியர் ஆகல" என்று சொல்லிவிட்டு இவர் விசில் ஊதினார்.

அதற்கு அடுத்த நாள் எட்டு மணிக்கெல்லாம் ஐந்து பேரும் தலை வாரி வாசலில் நின்றார்கள். ஆனாலும் தெரு முழுக்க இன்னும் சொல்லிச் சிரிப்பது, முதல் விசிலுக்கு அந்தப் பெண் உள்ளேயிருந்து கத்தினதைத்தான்: "அங்கிள், இது எக்ஸ்பிரஸ் இல்ல, பாசஞ்சர். எல்லா ஸ்டேஷன்லயும் நின்னுதான் வரும்!"

பேசாத இருவர்

மே மாதம் முதல் இரண்டு வாரம் மாடிக்கு ஒருவரும் வரவில்லை. சனிக்கிழமை தோறும் பிரபு போன் பண்ணி, "இந்த வாரம் யாராவது?" என்று கேட்பான். இல்லை என்று சொல்லிவிட்டு மாடி ஏறிப் பார்ப்பேன். விரித்த படுக்கை விரித்தபடியே கிடந்தது. வெற்று மாடியைப் பெருக்கிவிட்டு அங்கேயே முழங்கால் போட்டேன். கேட்பவர் கேட்டார். மூன்றாவது வாரம் சேலத்திலிருந்து ஒரு குடும்பம் கேட்டு வந்தது. மதுரைக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வந்த பிறகுதான் தெரிந்தது, அம்மாவுக்கும் பதினைந்து வயசு மகள் நித்யாவுக்கும் பத்து நாளாகப் பேச்சு இல்லை. மார்க் குறைந்ததால் அம்மா போனைப் பிடுங்கி வைத்துவிட்டார். லாட்ஜில் ஒரே அறையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! இங்கே ஆளுக்கு ஓர் அறை, ஆளுக்கு ஒரு கதவு. ஆனால் தூது போகும் வேலை எனக்கு வந்துவிட்டது. "ஆன்ட்டி, நான் சார்மினாருக்கு வரலைன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க" என்பாள் நித்யா. அம்மா இரண்டு எட்டு தள்ளி நின்றுகொண்டு, "வராட்டி மத்தியானச் சாப்பாடு கிடையாதுன்னு சொல்லுங்கக்கா" என்பார். ஒரே காலையில் நாலு முறை படி ஏறினேன்.

ஒருவழியாக மூன்று பேரும் கிளம்பினார்கள். அப்பா, "மெட்ரோ எல்லாம் எனக்கு அத்துப்படி" என்று சொல்லி அமீர்பேட்டில் இறக்கி, வேறு லைனில் ஏற்றி, ஊரின் அந்தக் கோடிவரை கூட்டிப்போய்விட்டார். மகள் அப்போதே சொல்லியிருக்கிறாள், அம்மாவும் சொல்லியிருக்கிறார், அவர் கேட்கவில்லை. சாயங்காலம் அம்மாவும் மகளும் கை நிறைய சார்மினார் வளையலோடு, கை கோத்துக்கொண்டு கேட்டில் நுழைந்தார்கள். பைகளைத் தூக்கிக்கொண்டு அப்பா இருபதடி பின்னால். சமாதானம் ஆயிற்றா என்று கண்ணாலேயே கேட்டேன். நித்யா சொன்னாள்: "நானும் அம்மாவும் பேசிட்டோம் ஆன்ட்டி, இப்ப அப்பாகிட்டதான் ரெண்டு பேரும் பேசல."

அளவெடுக்க வந்தவர்

சேலம் போனதும் தூத்துக்குடி வந்தது. நர்ஸ் வேலை பார்க்கும் ஸ்டெல்லா, பதினாறு வயசில் இரட்டைப் பிள்ளைகள், ஆண் ஒன்று பெண் ஒன்று. தனியாகப் பிள்ளைகளை வளர்க்கிறவர். இத்தனை வருஷத்தில் இதுதான் அவர்களுக்கு முதல் வெளியூர்ப் பயணம். அந்தச் சனிக்கிழமை எனக்குச் சொல்லாமலே பிரபு ராவை அழைத்து வந்துவிட்டான். ராவ் கையில் அளவு நாடா. அவர்கள் முன்னால் ஏற, நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினேன்.

கதவைக் கொஞ்சமாகத் திறந்த பையன், "ஒரு பத்து நிமிஷம் அண்ணா, தங்கச்சி டிரஸ் மாத்துறா" என்றான். பிரபு, "இது எங்க வீடு தம்பி" என்றான். "திங்கக்கிழமை வரைக்கும் எங்க வீடு அண்ணா. ஆன்ட்டி அப்படித்தான் சொல்லியிருக்காங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டான். தான் வளர்ந்த வீட்டு வாசலில் என் மகன் பத்து நிமிஷம் நின்றான். நான் சிரிக்கவில்லை. கர்த்தர்தான் என் வாயைக் காத்தார்.

உள்ளே போய் ராவ் சுவர் சுவராக அளந்தார். இரண்டடுக்குக் கட்டில் எட்டு போடலாம் என்று தெலுங்கில் சொன்னார். பிரபு அதைத் தமிழில் சொன்னதும் அந்தப் பெண், "எட்டுக் கட்டில் சரிண்ணா, பாத்ரூம் எத்தனை?" என்று கேட்டாள். ராவ் பாத்ரூமைத் திறந்து பார்த்தார். இரண்டாவது கட்ட இடம் எங்கே என்று சமையலறைச் சுவரைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் கதவில் இன்னும் கிழிக்காமல் இருந்த டைம் டேபிளை மேலிருந்து கீழே நிதானமாக வாசித்தார். நாடாவைச் சுருட்டிக்கொண்டே அவர் தெலுங்கில் சொன்னதைப் பிரபு எனக்குச் சொல்லாவிட்டாலும் எனக்கே நன்றாகப் புரிந்தது: "பிரபு காரு, அஞ்சு பேருக்கே உங்க அப்பா டைம் டேபிள் போட்டிருக்கார், பதினாறு பேருக்கு நான் ஜங்ஷன்தான் கட்டணும்."

காலண்டரில் இடமில்லை

பிரபு கீழே வந்து டீ குடித்தான். சமையலறைக் காலண்டரை மட்டும் புரட்டிப் பார்த்தான். பள்ளி திறக்கும் நாள் வரை ஒரு கட்டம்கூடக் காலியில்லை, எல்லாம் என் கையெழுத்தில் ஊர்ப் பெயர்கள், வந்துபோனவர்கள் சொல்லி அனுப்பின குடும்பங்கள். போகும்போது என் சாவிக்கொத்தை எடுத்து மாடிச் சாவியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி ஆணியிலேயே மாட்டினான். சரி மம்மி என்று அவன் வாயால் சொல்லவில்லை. ஆனால் ஜூனில் ஹாஸ்டல் வரவில்லை. மாடிப் படிக்கு இரண்டு பக்கமும் புதுக் கைப்பிடி வந்தது. ஆள் அனுப்பினது யார் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் மாதம் அவனே போன் பண்ணினான். அவன் ஆபீஸில் கூட வேலை பார்ப்பவரின் அண்ணன், நாகர்கோவிலிலிருந்து காலாண்டு லீவுக்கு இரண்டு வளர்ந்த பிள்ளைகளோடு வருகிறாராம். எங்கு கேட்டாலும் இரண்டு ரூம் எடு என்கிறார்களாம். மாடி இருக்குமா என்று கேட்டான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவசரப்படாமல் காலண்டரைப் பார்த்தேன். அந்த வாரம் ஈரோட்டுக்காரர்கள் வருகிறார்கள், யாராவது நின்றுபோனால் சொல்கிறேன் என்றேன். என் மகன் சொன்னான்: "சொந்தப் பிள்ளைக்கே வெயிட்டிங் லிஸ்ட்டா மம்மி?"

வளர்ந்த பிள்ளைகளுக்கு இடம் தேடி வந்த பெற்றோர் தயவில்தான், வளர்ந்த என் பிள்ளையிடமிருந்து என் மாடி எனக்கே கிடைத்தது.

நீங்களும் எங்கள் வீட்டுக்கு வந்தால், கிளம்பும்போது மாடி பாத்ரூம் கீஸர் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் போங்கள்.