சுமையை இறக்காமல் இறங்கியவர்

சாலையையே காணாத வண்டிக்கும் தேர்வில் தேறி உரிமம் பெற வேண்டும் என்பது, சிங்கப்பூர்க் கிடங்கில் எழுத்தராகச் சேர்ந்த புதிதில் எனக்கு விந்தையாக இருந்தது. மூட்டைகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் அது. சுமை உயரத்தில் இருக்கும்போது ஓட்டுநர் இறங்கவே கூடாது. வழக்கமாக மொழிபெயர்ப்பவர் விடுப்பில் இருந்ததால், ஒரு தேர்வு நாளில் சீனப் பயிற்சியாளருக்கு உதவியாக நான் போனேன். தேர்வுக்கு வந்த ஓட்டுநர் ஒருவர், சுமையைத் தலைக்கு மேல் உயர்த்தியபடி வண்டியைத் திருப்புகையில் என்னைக் கண்டார். மறுகணம் கீழே இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உயர்த்திய மூட்டைகளுக்கடியிலேயே நின்றார்.

“சின்னய்யா, நல்லாருக்கீங்களா?”

திருவிடைமருதூர் அருகே எங்கள் நிலத்தில் பாடுபட்ட குடும்பத்தின் மாரிமுத்து. எங்கள் தெருமுனையில் அவர்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அறுவடைக் கூலிக்காகச் செங்கொடி ஏறிய ஆண்டில், என் தந்தையார் போலீஸ் காவலோடு வெளியூர் ஆட்களை இறக்கிக் கதிரறுத்தார். அந்தக் கொடியைச் சுமந்த மாரிமுத்துவும் அம்முனையில் இறங்கியே நடந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சியாளர் அவரை வெளியே இழுத்துவிட்டு, ஏன் இறங்கினார் என்று என்னைக் கேட்டார். அடியார்களின் பாததூளி நான் என்று விடியலில் பாடிய அதே நாவால், “தலைசுற்றல்” என்றேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். தலைசுற்றுபவருக்கு உரிமம் கிடையாது; உரிமம் இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

மாலையில் மாரிமுத்து என்னைத் தேடி வந்தார். “தல சுத்துதுன்னா சொன்னீங்க?”

“உங்களுக்கு அவமானமாக இருக்குமே என்று...”

“எனக்கா? பழக்கத்துல எறங்கிட்டான்னு சொல்லியிருக்கலாமேங்க. கொடி புடிச்சும் இந்தக் காலு திருந்தல, அது என் பாடு. பழக்குனது யாருன்னு அந்தச் சீனர் கேட்டுருவாருன்னுதானே பயந்தீங்க?” சிரித்தார்.

மறுநாள் பயிற்சியாளரிடம், தலைசுற்றல் பொய், என்னைக் கண்டுதான் இறங்கினார் என்று உண்மையைச் சொன்னேன்.

“நீ அவருக்கு மேலாளரா?”

“இல்லை.”

“மூத்த உறவா?”

“இல்லை.”

“பிறகு எதற்கு இறங்கினார்?”

அதற்குரிய ஆங்கிலம் என்னிடம் இல்லை. என் முகத்தைப் பார்த்தவர், மறுதேர்வுக்கு ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை: நான் கண்ணில் படக் கூடாது.

மறுதேர்வன்று சயாம் அரிசி மூட்டைகளின் பின்னால் ஒளிந்து நின்றேன். மறுபுறம் வண்டி சுமையை உயர்த்திற்று, திரும்பிற்று, நிற்காமல் கடந்து போயிற்று. யார் நிலத்திலோ விளைந்த அரிசியில் முகம் பதித்து, மூச்சையும் அடக்கிக்கொண்டிருந்தேன்.