ஒரு கையால் திறக்கும் கத்தி

எங்கள் வீட்டில் எந்தப் பொருளையும் அப்பா அலசி ஆராயாமல் வாங்கியதில்லை. மிக்ஸி வாங்க நான்கு மாதம் ஆனது. கேபிள் இணைப்புக்கு ஒரு வருடம். அதற்குள் பக்கத்து வீட்டில் போய்ப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு டி.வி.யின் மேல் இருந்த ஆசையே பாதி போய்விட்டது. அப்பா ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தார். கழித்துக்கட்டிய பாகங்களில் மாட்டும் சிவப்பு அட்டைகளின் பின்பக்கம் காலியாக இருக்கும். அதன் நடுவே ஒரு கோடு இழுத்து, இந்தப் பக்கம் சாதகம், அந்தப் பக்கம் பாதகம் என்று எழுதச் சொல்வார். எழுதுவது என் வேலை. நான் அப்போது ஆறாம் வகுப்பு. வீட்டிலேயே என் கையெழுத்துதான் மணிமணியானது என்று பெயர்.

அம்மாவின் தம்பியான என் மாமா இதற்கு நேர் எதிர். முதலில் வாங்குவார்; எதற்கு வாங்கினோம் என்பதைப் பிறகு சாவகாசமாக யோசிப்பார். கோபமும் அவருக்கு அப்படித்தான் வரும். சொந்த ஊரான கல்லாவியில் கிணற்று மோட்டார் போடும் முறைத் தகராறில் பங்காளியின் மேல் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர். மூன்று பேர் இடுப்பைப் பிடித்துத் தொங்கியதால் அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வாரமே அம்மா ஊருக்குப் போய், “என்கூட இருந்தா அடங்குவான்” என்று சொல்லி அவரை ஓசூருக்கு அழைத்து வந்துவிட்டாள். அப்பா யார் யாரிடமோ சொல்லி ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் காண்டிராக்ட் ஆளாகச் சேர்த்துவிட்டார். பதினோரு மாதம் ஓடிவிட்டது. ஒரு வருடம் முடிந்தால் பெர்மனன்ட் ஆக்கலாம் என்று காண்டிராக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அம்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் மாமா கத்தி வாங்கி வந்தார். கர்நாடக எல்லையோரம் ஜூஜுவாடியில் லாரிகள் நிற்கும் இடத்தில் பூட்டு, டார்ச், பேட்டரி எல்லாம் பரப்பி வைத்து விற்கிற ஒருவனிடம். “ஒந்தே கை சாக்கு” என்று அவன் கன்னடத்தில் சொன்னானாம், ஒரு கை போதும் என்று. மாமாவுக்கு அந்த ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்தது.

அது ஒரு மடக்குக் கத்தி. மடக்கியிருந்தால் என் உள்ளங்கைக்குள் அடங்கும். பக்கவாட்டில் ஒரு சின்னக் குமிழ். கட்டைவிரலால் அதை நெல்மணி அளவுக்குத் தள்ளினால் போதும், மீதி வேலையை உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். ‘சடக்’ என்று அலகு வெளியே வந்து நிற்கும். அந்தச் சத்தத்தைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு விரல்கள் ஒரு நிலையில் இல்லை. பள்ளிக்கூடத்தில் பேனா மூடியைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பேன். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு தடவை திறப்பேன், திறந்த பிறகு ஒரே ஒரு தடவை என்று தோன்றும், அப்படியே இருபதாகும்.

அப்பா வழக்கம்போல் சிவப்பு அட்டையை எடுத்தார். மாமா கட்டிலில் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தார். சாதகம்: ஒரு கையால் திறக்கலாம், இன்னொரு கை சாமானைப் பிடித்துக்கொள்ளலாம். அட்டைப்பெட்டி மேல் வரிந்த பிளாஸ்டிக் பட்டையை அறுக்கலாம். கொய்யாப்பழம் நறுக்கலாம். மாமா அத்துடன் நிறுத்திவிட்டார். அப்பா வற்புறுத்தவே, “பாக்க நல்லா இருக்குதில்ல” என்றார். அதையும் எழுதினேன்.

பாதகத்துக்கு அப்பா மெனக்கெட்டார். பத்துத் தடவை திறந்து பார்த்தார். பத்துத் தடவையும் திறந்தது; அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி தடவிப் பார்ப்பான், உள்ளே விடமாட்டான். பையில் இருக்கும்போது தானாகத் திறந்துகொண்டால் தொடை போய்விடும். குழந்தை இருக்கிற வீடு. இந்த இடத்தில் நான் எழுதாமல் பேனாவை உதறினேன். கடைசியாக மடக்கிப் பார்த்தார். மடக்க இரண்டு கை வேண்டியிருந்தது. அதைப் பெரிய கண்டுபிடிப்பாக எழுதச் சொன்னார்.

“சாதாக் கத்தின்னா நகத்தை வச்சு இழுக்கணும், ரெண்டு கையும் வேணும், அதுக்குள்ள புத்தி கொஞ்சம் தெளிஞ்சுரும். இது தொறக்குற வேகத்துக்கு நம்ம புத்தி ஓடாது மாப்ள” என்றார் அப்பா. அவர் விருதுநகர்க்காரர்.

சமையல் மூலையில் அரிவாள்மனையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அம்மா எழுந்து வந்தாள். அந்தக் கத்தியை அவள் பெயர் சொல்லிக்கூடக் குறிப்பிட மாட்டாள். “அது எங்கிட்ட இருக்கட்டும். பெர்மனன்ட் ஆன அன்னிக்கித் தரேன்” என்று கீழே வைக்கச் சொன்னாள். கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் வீட்டில் யாரும் கைமாற்றுவதில்லை. மாமா தரையில் வைத்தார்; அம்மா எடுத்துப்போய் அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். எல்லாருக்கும் தெரிந்த இடம்தான். இருந்தாலும் அக்கா வைத்த இடத்தில் கையை விட மாமாவுக்குத் துணிவில்லை. எனக்கு இருந்தது. அந்த மாதம் எங்கள் வீட்டில் அரிசி அளந்து போடும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டதாக அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

ஆயுத பூஜை வந்தது. முந்தின நாள் அப்பா கம்பெனியிலிருந்து ஒரு டப்பா லட்டும் ஒரு எவர்சில்வர் தூக்கும் கொண்டுவந்தார். மாமாவின் கம்பெனியில் பெர்மனன்ட் ஆட்களுக்குத்தான் லட்டு. காண்டிராக்ட் ஆட்களுக்குப் பொரிப் பொட்டலம். அடுத்த வருடம் லட்டு நான் கொண்டுவருவேன் என்று மாமா என்னிடம் சொன்னார். அவர் முகத்தில் அவ்வளவு நிச்சயம் இருந்தது.

பூஜையன்று வீட்டிலிருந்த இரும்பெல்லாம் சாமி முன்னால் வந்து உட்கார்ந்தது. அரிவாள்மனை, சுத்தியல், அப்பாவின் ஸ்பேனர்கள், கத்தரிக்கோல், தையல் ஊசி டப்பா, வாசலில் மொபெட். பக்கத்தில் என் புத்தகங்கள். அம்மா சற்று நேரம் அரிசி டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆயுதத்துக்கு என்று ஒரு பூஜை வைத்துவிட்டு, வீட்டிலிருக்கும் ஒரே அசல் ஆயுதத்தை ஒளித்து வைப்பது தெய்வக் குற்றமாகிவிடாதா? கடைசியில் பயம் ஜெயித்தது. கத்தி வெளியே வந்தது. மறுநாள் மறுபூஜை செய்து எடுக்கும்வரை மொபெட்டைத் தவிர எதையும் யாரும் தொடக் கூடாது என்று அம்மா மாமாவைப் பார்த்துக்கொண்டே எங்கள் எல்லாரிடமும் சொன்னாள்.

சந்தனம் குங்குமம் வைக்கிற வேலை எனக்கு. கடையில் விற்கும் சந்தனப் பொடியில் சந்தனம் எவ்வளவு, மரத்தூளும் பசையும் எவ்வளவு என்பது பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம். குழைத்து வைத்தால் காய்ந்து சிமென்ட் ஆகும். சுத்தியலுக்குத் தலையில் வைத்தேன், கத்தரிக்கோலுக்குக் காதில் வைத்தேன். மடக்குக் கத்திக்கு எங்கே வைப்பது? அதன் சக்தியெல்லாம் உள்ளே ஸ்பிரிங்கில் அல்லவா இருக்கிறது! யாரும் பார்க்காதபோது திறந்து, அலகு சுழலும் பொந்துக்குள் விரல்நுனியால் சந்தனத்தை அப்பி அப்பி நிரப்பினேன். மேலே கொஞ்சம் குங்குமம். மடக்கும்போது பொதுக்கென்று பிதுங்கியதைப் பாவாடையில் துடைத்துவிட்டேன். குமிழுக்கும் ஒரு பொட்டு. கற்பூரம் காட்டினபோது அதற்கென்று தனியாக ஒரு கும்பிடு போட்டேன்.

மறுநாள் காலை மாமா வேலைக்குப் போனார். அப்பாவுக்கும் முதல் ஷிப்ட். தண்ணீர் லாரி வந்ததால் அம்மா குடங்களோடு தெருமுனைக்குப் போயிருந்தாள். குளித்துவிட்டு வந்துதான் மறுபூஜை. எனக்கு அதுவரை பொறுக்கவில்லை. சும்மா ஒரு தடவை ‘சடக்’ கேட்கலாம் என்று கத்தியை எடுத்துக் குமிழைத் தள்ளினேன். அசையவில்லை. இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினேன். ஊஹூம். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் கால்களும் குறுகுறுத்தன.

பத்து மணி இருக்கும், மாமா திரும்பி வந்துவிட்டார். பாதி ஷிப்டில் அவர் வந்ததேயில்லை. ஒரு சொம்பு தண்ணீரை நின்றபடியே குடித்தார். கேட்டில் ஒட்டியிருந்த பட்டியலில் அவர் பேர் இல்லையாம். இனி வரவேண்டாம் என்று ஆறு பேரைக் காண்டிராக்டர் நிறுத்திவிட்டாராம். இதை என்னிடம் சொன்னாரா, சுவரிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. “பதினோரு மாசம் மூட்டை தூக்கினேன் பாப்பா” என்றார். பிறகு சாமி முன்னால் குனிந்து கத்தியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மறுபூஜை ஆகவில்லையே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. “அக்காகிட்ட சொல்லாத” என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனார்.

அம்மா குடத்தோடு வந்தாள். சாமி முன்னால் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள். குடம் இடுப்பிலேயே இருந்தது. “அது எங்கடி?” என்றாள். தெரியாது என்றேன். மாமா சொல்லாதே என்றதற்காக அல்ல. கத்தி என்றாலே திறந்து பார்ப்பார்கள், திறந்தால் சந்தனம் தெரியும், அப்புறம் மர ஸ்கேல்தான். என் உள்ளங்கை ஒன்றைக் காப்பாற்றுவதற்காக அந்தப் பொய்யைச் சொன்னேன். ஆனால் பக்கத்து வீட்டு அக்கா மாமா வந்துபோனதைப் பார்த்திருந்தார். பட்டியல் விஷயமும் அவர் வீட்டுக்காரர் மூலம் தெரிந்திருந்தது. அம்மா அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து பஸ் நிறுத்தம்வரை ஓடினாள். காண்டிராக்டரின் ஆபீஸ் எந்தத் தெருவில் என்று அவளுக்குத் தெரியாது. திரும்பி வந்தாள். மறுபடியும் ஓடினாள். அன்று எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. நானோ, மாமா கத்தியைத் திறக்க முயன்று என்னைக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து அப்பா வந்து, விஷயம் கேட்டு, மொபெட்டைத் திருப்பிக்கொண்டிருந்தபோது மாமா தெருவில் நடந்து வந்தார். சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. யாரையும் பார்க்காமல் உள்ளே வந்து கத்தியைத் தரையில் வீசினார்.

“எடுத்தேன்க்கா. அவன் எதிர்லயே நின்னு எடுத்தேன். தொறக்கல. ரெண்டு கையால இழுத்தும் தொறக்கல. அவன் ஆளுங்கெல்லாம் சிரிச்சாங்க. வெளிய தள்ளி உட்டுட்டாங்க.”

அம்மாவின் கைகள் அவருடைய கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தன. அப்பா கத்தியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தரச் சோதனைக்காரர் அல்லவா, ஊசி கொண்டுவரச் சொல்லி பொந்துக்குள் கிளறினார். குங்குமம் உதிர்ந்தது, பிறகு மஞ்சளாக, கட்டி கட்டியாகச் சந்தனம். மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

நானே போய் மர ஸ்கேலை எடுத்து வந்து அப்பாவிடம் கொடுத்து, கையை நீட்டினேன். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்தது. அப்பா ஸ்கேலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அம்மா என் நீட்டிய கையைப் பிடித்து இழுத்தாள். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடினேன். அவள் அந்தக் கையைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். பிறகு டப்பாவில் மிச்சமிருந்த கடைசி லட்டை, அப்பாவுக்கென்று எடுத்துவைத்திருந்ததை, முழுசாக என் வாயில் திணித்தாள். மாமா குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். வெகு நேரம் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. லாரித் தண்ணீரை இப்படிக் கொட்டுகிறாரே என்று யாருமே கேட்கவில்லை.

கத்தி மறுநாள் வீட்டில் இல்லை. எங்கே என்று நான் கேட்கவுமில்லை. பொருளைக் கெடுத்தால் லட்டு கிடைக்கிறது என்றால், சந்தனம் வைப்பதில் நான் கெட்டிக்காரி என்றுதானே பொருள்? அடுத்த வருட ஆயுத பூஜைக்கு அப்பாவின் மொபெட்டின் சாவித் துவாரத்தில், வெளியே தெரியாத அளவுக்குச் சந்தனத்தை நிரப்பினேன். மறுநாள் சாவி நுழையாமல், அப்பாவுக்கு முதல் ஷிப்ட் தவறியது. அன்று விழுந்த அறையில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

மாமா அப்போது இராயக்கோட்டையிலிருந்து பெங்களூருக்குத் தக்காளி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். பூஜைக்கு வந்தவர், குறுக்கே விழுந்து, “புள்ளைய அடிக்காதீங்க” என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சத்தம் அவர் சத்தம் மாதிரியே இல்லை. அப்புறம் மண்ணெண்ணெயும் ஊசியும் எடுத்துக்கொண்டு மொபெட்டின் முன்னால் குந்தி, யாரையும் கிட்டே சேர்க்காமல், அந்தச் சந்தனத்தைத் துளித்துளியாக நோண்டி எடுத்தார். நான் தேம்பிக்கொண்டே பக்கத்தில் போய் நின்றேன். எடுத்த தூளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லா வெச்சிருக்க கண்ணு” என்றார். அவர் கண்களிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் நெடி பட்டுவிட்டது என்று நினைத்து, கண் கழுவத் தண்ணீர் மொண்டுவர உள்ளே ஓடினேன்.