பத்தாயிரம் ஹெர்ட்ஸில் தெரிந்தது

மங்கலம் ரோட்டில் போர்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பனியன் கம்பெனித் தையல் மெஷின்களின் மோட்டாரை ஓட்டும் எலக்ட்ரானிக் போர்டுகள்தான் அதிகம் வரும். அவற்றில் இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்களுக்குக் கம்பி சுற்ற ஓர் அக்கா வருகிறார். தென்காசிப் பக்கத்துக்காரர். பல வருஷம் பனியன் செக்கிங்கில் இருந்துவிட்டு, பஞ்சு தூசி ஒத்துக்கொள்ளாமல் என்னிடம் வந்தவர்.

போன வருஷம் ஒரு நாள், கம்பெனி ஃபிட்டர் ஒருவர் எரிந்த போர்டைக் கொண்டுவந்து எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். அக்கா டிரான்ஸ்ஃபார்மரைப் புதிதாகச் சுற்றிக் கொடுத்தார். நான் பொருத்தி சுவிட்சைப் போட்டேன். பட்டென்று டிரான்சிஸ்டர் வெடித்தது. வேறு போட்டேன், அதுவும் போயிற்று. சுற்றியிருந்த சின்னச் சாமான்களை எல்லாம் மாற்றிப் போட்டும் மூன்றாவதும் நிற்கவில்லை.

"ஏனுங்க, அங்க லைன் நிக்குதுங்க. ஓனரு போன் மேல போன் போடறாருங்க," என்றார் ஃபிட்டர்.

டிரான்ஸ்ஃபார்மர் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. கம்பிச் சுற்றை, அதாவது காயிலை, அளக்கிற மீட்டரில் வைத்துப் பார்த்தேன். அதே மாடல் நல்ல போர்டில் இருந்ததையும் கழற்றி வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு காட்டின. "காயில் நல்லா இருக்குதுங்க்கா. கோளாறு வேற எங்கியோ," என்றேன். அதோடு அக்கா பேசாமல் இருந்திருக்கலாம். பழி அவர்மேல் வரவே இல்லை.

அவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, இது போர்டுல என்ன வேகத்துல ஓடும்?"

"செகண்டுக்கு அறுபதாயிரம் தடவை கரண்டு மாறுமுங்க."

"மீட்டர்ல நூறுன்னுல்லா போட்டிருக்கு. செக்கிங்ல துணியச் சும்மா விரிச்சா ஓட்டை தெரியாதுண்ணே. அடியில லைட்டு எரியணும். இதையும் கூட்டி வச்சுப் பாப்போமா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆரம்பத்தில் பெரிய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர்களாகவே பார்த்துப் பழகியதால், மீட்டரை நூறு ஹெர்ட்ஸிலேயே, அதாவது செகண்டுக்கு நூறு தடவையிலேயே, விட்டிருந்தேன். அந்தப் பொத்தானைத் தொட்டே வருஷக்கணக்காகிறது. அழுத்திப் பத்தாயிரத்துக்குக் கொண்டுபோனேன். நல்ல காயிலின் அளவு அசையவில்லை. அக்கா சுற்றியது கால் பங்குக்கும் கீழே விழுந்தது.

அவரே பிரித்தார். உள்ளே ஓரிடத்தில் கம்பியின் பூச்சு உரிந்து, பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் இரண்டு ஒட்டிக்கிடந்தன. மெதுவாக மாறும் கரண்டில் அந்த ஒட்டுதல் ஒன்றும் செய்யாது, வேகம் கூடினால்தான் காயிலையே விழுங்கும்.

"நான் சுத்துனதுலதான் தப்பு. இழுக்கும்போது உரசியிருக்கு," என்று ஃபிட்டரிடம் நேராகச் சொன்னார்.

"போகட்டும் விடுங்க்கா. இப்பவாச்சும் தெரிஞ்சுதுங்களே," என்றார் அவர். அக்கா மறுபடி சுற்றி, பத்தாயிரத்தில் அளந்து கொடுத்தார். மத்தியானத்துக்குள் போர்டு ஓடியது.

இரண்டு நாள் கழித்து ஓர் இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. அக்கா பத்தாயிரத்தில் வைத்து, அளவு விழுந்ததைப் பார்த்துவிட்டு, "இது செத்துப் போச்சுண்ணே," என்றார். நான் பதில் சொல்லும் முன்னே அலமாரியிலிருந்து புதிது ஒன்றை எடுத்து அளந்தார். அதுவும் அப்படியே காட்டியது. பொத்தானை அழுத்தி மீட்டரை நூறுக்குக் கொண்டுவந்தார். "நல்லதையும் கெட்டதுங்குது. இது வீட்டு கரண்டுல மெதுவா ஓடுறது. இதுக்கு நூறுதான் சரி, என்னண்ணே?"

ஆமாங்க என்றேன். டிப்ளமோ படித்த நான் எத்தனையோ வருஷம் எண்ணை மட்டும் பார்த்தேன். இவர் அந்த எண் எந்த வேகத்தில் வந்தது என்று கேட்டார்.

இப்போது அளப்பது முழுக்க அவர் வேலை. அந்த ஃபிட்டர் போர்டு கொண்டுவரும் முன் எனக்குப் போன் போட்டு, "அக்கா இருக்காங்களாங்க?" என்றுதான் கேட்கிறார்.