அம்மாவின் தலையில் போன நாற்காலி

புதுப் பிளாஸ்டிக்குக்கு ஒரு வாசனை உண்டு. மண்ணெண்ணெயும் புதுச் செருப்பும் கலந்தாற்போல் இருக்கும். வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். எனக்கு ஒன்பது வயதான கோடையில் எங்கள் ஒற்றை அறை முழுவதும் அந்த வாசனைதான். அறையின் நடுவே, கால்களில் சுற்றிய தாள்கூடப் பிரிக்கப்படாமல், ஒரு சிவப்பு நாற்காலி நின்றது. அது நம்முடையது இல்லை, அதில் நீ ஏறக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

அது மாதர் சங்கத்து நாற்காலி. செய்யூருக்குக் கிழக்கே சவுக்குத் தோப்புகளைத் தாண்டினால் ஊர் வரும், ஊரைத் தாண்டினால் ஒரு வாய்க்கால், அதற்கும் அப்பால் எங்கள் தெரு. தெருப் பெண்கள் பதினோரு பேர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பால்வாடி வாசலில் கூடி, தண்ணீர் வராத குழாயைப் பற்றியும் நின்றுபோன பஸ்ஸைப் பற்றியும் பேசி, மனு எழுதி, அதைச் செங்கல்பட்டு வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார்கள். தலைவி எஸ்தர் அத்தை. சத்தம் போட்டுச் சிரிக்கிற, சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிற மனுஷி. ஊராட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட வருஷம் சங்கம் கூடி என் அம்மாவை நிற்கவைத்தது. அம்மா ஜெயித்தாள். ஆனால் முதல் ஊராட்சிக் கூட்டத்தில், மற்ற உறுப்பினர்கள் எல்லாரும் நாற்காலிகளில் இருக்க, அம்மாவிடம் மட்டும், "சேரு பத்தல, அப்டி கீழ குந்தும்மா" என்றார்களாம். அம்மா குந்திவிட்டு வந்து சங்கத்தில் சொன்னாள்.

"பத்தலன்னா நாம எடுத்துகினு போவோம்" என்றாள் எஸ்தர் அத்தை. நாற்காலி வந்தது அப்படித்தான்.

எங்கள் பக்கத்தில் உட்காருவதற்குப் பெயர் "குந்தறது". தரையில் குந்துவோம், வரப்பில் குந்துவோம். நாற்காலியில் எப்படிக் குந்துவது என்பது எங்கள் தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனால் சங்கம் அம்மாவுக்குப் பழக்கம் கொடுத்தது. நாற்காலியில் அமர்ந்த மறுநிமிஷமே அம்மா தன்னையறியாமல் இரண்டு கால்களையும் தூக்கி மடித்துக்கொள்வாள். ஒரு நாள் எஸ்தர் அத்தை அவளை அதட்டினாள்:

"காலத் தொங்கப் போடுடி கன்னிம்மா! இன்னா, களத்துல நெல்லு காயவெச்சி காக்கா ஓட்டிகினு கீறியா?"

"தொங்கப் போட்டா மரத்துப் போவுதுக்கா."

"போவட்டும். அவனுங்களுக்குந்தான் மரத்துப் போயிகீது, எவனாவது எந்திரிக்கிறானா?"

பால்வாடி வாசலே சிரித்து உருண்டது. எனக்குத் தெரிந்து அம்மா அவ்வளவு சிரித்தது அன்றுதான்.

அதன் பிறகு மாதா மாதம், கூட்டத்தன்று, அம்மா நாற்காலியைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரைமேல் நடப்பாள். பின்னால் பத்துப் பெண்கள். உறுப்பினர்தான் உள்ளே போகலாம் என்பதால் மற்றவர்கள் ஜன்னலோரம் நின்று, அவள் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்ததைப் பார்த்த பிறகே திரும்புவார்கள். கூட்டம் முடிந்ததும் நாற்காலி மறுபடி தலையில் ஏறி வீட்டுக்கு வந்துவிடும். அங்கே விட்டால் காணாமல் போகும் என்று அம்மாவுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கேலிக்கு என்ன பதில் சொல்வது என்று சொல்லித்தர வீட்டில் யாரும் இல்லை. அப்பா லாரியில் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் எனக்குப் பெயரே "நாற்காலி" என்றாகிவிட்டது. "டேய் நாற்காலி, உன்னியும் உங்கம்மா தலைலதான் தூக்கிகினு வந்தாளா?" என்பார்கள். என் பெஞ்சில் என் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. மத்தியானச் சோற்றை நான் பம்பு செட்டுக்குப் பின்னால் போய்த் தின்றேன்.

அம்மாவின் பின்னால் வந்தவர்களும் குறைந்தார்கள். நாங்கள் "மல்லாட்டை" என்கிற வேர்க்கடலையைப் பிடுங்க அந்த வருஷம் ஊரில் நிலமுள்ளவர்கள் யாரும் சங்கத்துப் பெண்களைக் கூப்பிடவில்லை. பத்துப் பேர் ஆறாகி, ஆறு மூன்றாகி, ஒவ்வொருவராகச் சென்னையை ஒட்டிய படூர்ப் பக்கத்து அடுக்குமாடிகளைப் பெருக்கித் துடைக்க விடியற்காலை வேனில் ஏறினார்கள். எஸ்தர் அத்தையும் புதுப்பட்டினத்தில் மகள் வீட்டோடு போய்விட்டாள். கடைசியில் கரைமேல் அம்மா மட்டும் நடந்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் நான்கு கால்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு தாமாகவே போவதுபோல இருக்கும்.

அப்படியொரு கூட்டத்தன்று காலையில் நான் அழுதேன். "இன்னிக்கி ஒரு நாளு எடுத்துகினு போவாதம்மா. கீழயே குந்திக்கோயேன்."

அம்மா முந்தானையால் என் கண்ணைத் துடைத்தாள். நாற்காலியை விட்டுவிட்டு வெறுங்கையோடு போனாள். நான் அதன் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்பி வந்தபோது பாதங்கள் வீங்கியிருந்தன.

"குந்துனியாம்மா?"

"இல்ல. நின்னுகினே இருந்தேன்."

அன்றைக்கு அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் நாற்காலி மறுபடி தலையில் ஏறியது. பதவிக்காலம் முடிகிற வரை அவள் தனியாகவே அதைச் சுமந்தாள். கடைசிக் கூட்டத்திலிருந்து மட்டும் சுமையில்லாமல் வந்தாள். "அங்கியே வுட்டுட்டேன். அடுத்து வர்றவ குந்தட்டும்." நாற்காலி இல்லாத அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்குப் போக நிறைய இடம் இருந்தது.

இப்போது நான் படூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அம்மா என்னோடு இருக்கிறாள். பால்வாடியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அது பூட்டிக் கிடக்கிறது, வேன்களுக்கு ஞாயிறு கிடையாது. போன மாதம் ஒரு சான்றிதழ் வாங்க எங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வரிசையாக ஸ்டீல் நாற்காலிகள். மூலையில், ரோஸ் நிறத்துக்கு வெளுத்துப்போய், முதுகில் வெள்ளைப் பெயிண்டில் ஓர் எண்ணோடு, எங்கள் நாற்காலி. அதன்மேல் தண்ணீர் கேன். நான்கைந்து படங்கள் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அம்மா போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "நம்ம சேரா? வெளுத்துப்போச்சே" என்றாள். பிறகு, "இப்ப நம்ம தெரு மெம்பரு யாரு?"

"யாரோ ஒரு பொண்ணாம்மா."

"அவ எதுல குந்தறா?"

நான் அதை விசாரிக்காமல் வந்திருந்தேன்.