ரிவால்வர் ஸ்டேஷனிலேயே இருக்கட்டும்

நகைகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் இருந்தபோது, லைசென்ஸ் எடுத்து ஒரு ரிவால்வர் வாங்கினேன். இதுவரை அது பயமுறுத்திய ஒரே ஆள் நான்தான். தேர்தல் வந்தால் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். போன தேர்தலுக்கும் முணுமுணுத்தபடியே கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த வாரமே ஒரு மத்தியானம், திலக் நகரில் எங்கள் ஆறாம் மாடி வீட்டுப் பூட்டை யாரோ வெளியிலிருந்து நோண்டினார்கள். பிறகு கதவில் தோளால் ஓர் இடி. என் கை தானாக அலமாரிக்குப் போனது. காலி.

"சமயம் பார்த்துப் பிடுங்கிக்கிட்டானுங்களே!" என்றேன்.

"துப்பாக்கிதானே ஸ்டேஷன்ல இருக்கு? வாயுமா அங்க இருக்கு? யாருன்னு கேளுங்க" என்றாள் மனைவி ஸ்டெல்லா.

கேட்டேன். குரல் கீச்சென்றுதான் வந்தது.

"நாந்தான்ட்டி, கதவத் தொற!"

ஐந்தாம் மாடி தேவசகாயம் அண்ணாச்சி. கண் ஆபரேஷன் முடிந்த கறுப்புக் கண்ணாடியோடு ஒரு மாடி கூடுதலாக ஏறிவிட்டார்.

அவருக்குக் காபி கொடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ரிவால்வர் வீட்டில் இருந்திருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேன். கதவு வழியாகவே சுட்டிருப்பேன். சட்டம் ஒருவேளை மன்னித்திருக்கும். அவர் வீட்டு அக்கா முகத்தில் எப்படி விழித்திருப்பேன்?

தேர்தல் முடிந்ததும் ஸ்டேஷனுக்குப் போய் லைசென்ஸையும் சேர்த்து ஒப்படைத்தேன். "டர் கயா க்யா, சாப்?" என்று சிரித்தார் கான்ஸ்டபிள். "ஆமாம், பயந்துவிட்டேன்" என்று அவர் இந்தியிலேயே சொன்னேன். ஐம்பத்திரண்டு வயதில் நெஞ்சை நிமிர்த்தி நான் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அண்ணாச்சி இன்னமும் சில நாள் மாடி மாறி வருகிறார். கதவு இடிபட்டால் பில்டிங்கே கேட்கும்படி "யாரு?" என்கிறேன். குரல் இப்போது கீச்சென்று வருவதில்லை.